லாஸ்பேட்டையில் கை, மீனம்பாக்கத்தில் கண்

பெங்களூரிலிருந்தோ ஹைதராபாத்திலிருந்தோ லாஸ்பேட்டைக்கு, அதாவது புதுச்சேரி விமான நிலையத்துக்கு வரும் ஏ.டி.ஆர். என்ற சின்ன புரொப்பல்லர் விமானத்தில் இறக்கைக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தால், இறங்கும் கடைசி இரண்டு மூன்று நிமிஷம் எஞ்சின் சத்தத்தின் கனம் கூடுவதும் குறைவதும் நன்றாகவே காதில் விழும். அதே ஆள் சென்னை மீனம்பாக்கத்தில் ஏர்பஸ் ஏ320 ஜெட்டில் இறங்கினாலும் சத்தம் இப்படித்தான் ஏறி இறங்கும். பயணிக்கு இரண்டும் ஒன்றுதான். காக்பிட்டுக்குள் இருக்கிற வித்தியாசம் பெரியது. லாஸ்பேட்டையில் கேட்கும் ஒவ்வொரு ஏற்ற இறக்கமும் ஒரு மனிதக் கை எஞ்சின் லீவரை அரை விரல்கடை தள்ளியதாலோ இழுத்ததாலோ வந்தது. மீனம்பாக்கத்தில் பெரும்பாலும் அது கம்ப்யூட்டர் செய்த வேலை. பைலட்டின் கை லீவர் மேல் இருக்கும், ஆனால் லீவர் இருந்த இடத்திலேயே இருக்கும்.

ஏ.டி.ஆர். 72-600-இல் ஆட்டோபைலட் உண்டு, எஞ்சின் பவரைத் தானே கூட்டிக் குறைக்கும் ஆட்டோத்ராட்டில் கிடையாது. மூக்கை எங்கே பிடிப்பது, எந்தப் பக்கம் திரும்புவது என்பதை ஆட்டோபைலட் பார்த்துக்கொள்ளும். வேகத்தை மட்டும் ஆள்தான் பார்க்க வேண்டும். புதுச்சேரிக்காரர்கள், கடலூர்க்காரர்கள் நிறைய பேர் இந்த இரண்டு வகை விமானத்திலும் மாறி மாறிப் போய் வருகிறார்கள். பைலட் பயிற்சிக்குப் போகும் பிள்ளைகளும் இந்தப் பக்கம் கூடிக்கொண்டு வருகிறார்கள். இறங்கும்போது த்ரஸ்ட்டை (எஞ்சின் தள்ளும் விசையை) கையாளும் பழக்கத்தை ஆட்டோமேஷன் எப்படி வளைக்கிறது என்பதை விளக்க, இந்த இரண்டு ரன்வேக்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

முதலில் கொஞ்சம் கணக்கு. விமானம் 3 டிகிரி சரிவில் ரன்வேக்கு வரும். தரை மீதான வேகத்தை நாட் (ஒரு நாட் மணிக்குச் சுமார் 1.85 கி.மீ.) கணக்கில் எடுத்து 5-ஆல் பெருக்கினால், நிமிஷத்துக்கு எத்தனை அடி இறங்க வேண்டும் என்பது கிடைக்கும். ஏ.டி.ஆர். 110 நாட்டில் வந்தால் 550 அடி, ஏ320 140 நாட்டில் வந்தால் 700 அடி. இந்தச் சரிவில் கியரும் (சக்கரங்கள்) ஃபிளாப்பும் (இறக்கையின் பின்னோரத் தகடுகள்) முழுசாக இறங்கியிருக்கும்போது, எஞ்சினை ஐடிலில் (மிகக் குறைந்த பவரில்) விட்டால் வேகம் கரைந்துவிடும். அதனால்தான் இறங்கும்போதும் எஞ்சின் ஓரளவு தள்ளிக்கொண்டே இருக்கிறது. ஏ320-இல் விசிறிச் சுழற்சியான என்1 50 சதவீதத்தை ஒட்டி இருக்கும். ஏ.டி.ஆரில் எஞ்சின் பவரைக் காட்டும் டார்க் 25, 30 சதவீதத்தைச் சுற்றி இருக்கும். எடையும் காற்றும் மாறினால் இந்த எண்ணும் கொஞ்சம் நகரும்.

த்ரஸ்ட் இப்படி ஓரளவு நிலையில் இருக்க வேண்டியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஜெட் எஞ்சின் ஐடிலிலிருந்து மேலே ஏற நேரம் எடுக்கும். லீவரைத் தள்ளி 8 வினாடிக்குள் கிடைக்கும் த்ரஸ்ட்டை வைத்து விமானம் மேலே ஏற வேண்டும் என்பதுதான் சான்றளிப்பு விதி. இறங்கும் விமானத்துக்கு 8 வினாடி என்பது கிட்டத்தட்ட 100 அடி உயரம். 1000 அடியிலோ, வெளியே தெளிவாகத் தெரிந்தால் 500 அடியிலோ வேகமும் சரிவும் சரியாக இருந்தால் மட்டும் போதாது, எஞ்சினும் ஐடிலுக்கு மேலே நிலைத்திருக்க வேண்டும் என்று விதி வைத்திருப்பது இதனால்தான். இல்லையென்றால் கோ-அரவுண்ட், அதாவது இறங்காமல் மறுபடி மேலே ஏறிவிட வேண்டும். ஏ.டி.ஆர். போன்ற டர்போபுராப் (புரொப்பல்லர் விமானம்) இதில் சௌகரியம். புரொப்பல்லர் ஏற்கெனவே நிலையான வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது, பவர் கொடுத்தால் பிளேடின் கோணம் மாறி உடனே காற்றைக் கவ்வும்.

இப்போது லாஸ்பேட்டைக்கு வருவோம். ரன்வே சுமார் 1500 மீட்டர் நீளம். பகலில் கடல்காற்று எழும்பினால் மேற்கிலிருந்து, ஊசுடு ஏரிப் பக்கமாக வந்து கிழக்கு பார்த்து இறங்குவார்கள். நேராக வரும் விமானம் ஏரியைத் தாண்டும் இடத்தில் சுமார் 1200 அடி உயரத்தில் இருக்கும். அதாவது, 'எல்லாம் நிலையாக இருக்கிறதா' என்று கேட்கும் 1000 அடி அதற்குக் கொஞ்சம் அப்பால்தான். மேலே ஒரு காற்று, கீழே ஈரமான கடல்காற்று என்று இருக்கும் நாட்களில், இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள படலத்தைத் தாண்டும்போது வேகம் ஐந்து, எட்டு நாட் சட்டென்று கூடும் அல்லது குறையும். ஆட்டோபைலட் சரிவை விடாது. வேகம் குறைந்தால் மூக்கைக் கொஞ்சம் தூக்கிச் சரிவிலேயே இருக்கப் பார்க்கும், அதனால் வேகம் இன்னும் குறையும். இந்தச் சுழற்சியை உடைப்பது வலது பக்கமோ இடது பக்கமோ உட்கார்ந்திருக்கும் பைலட்டின் கைதான். டார்க் முள்ளைப் பார்த்து ஐந்து சதவீதம் கூட்டி, வேகம் திரும்பியதும் அதில் மூன்றை எடுத்துவிடுவார். கூட்டியதை அப்படியே விட்டுவிட்டால் அடுத்த நிமிஷம் பத்து நாட் அதிகமாக வந்து நிற்கும்.

பத்து நாட் அதிகம் என்பது இங்கே சின்ன விஷயமில்லை. 105-க்குப் பதில் 115-இல் தரை தொட்டால், நிறுத்த வேண்டிய ஆற்றல் 20 சதவீதம் கூடிவிடும். ரன்வே தொடக்கத்தை 50 அடி உயரத்தில் கடக்கும் விமானம், அதே சரிவில் போனாலே சுமார் 290 மீட்டர் தள்ளித்தான் தரையைச் சந்திக்கும். 110 நாட் என்றால் வினாடிக்கு 56 மீட்டர். மூன்று வினாடி மிதந்தால் இன்னொரு 170 மீட்டர். 1500-இல் கிட்டத்தட்ட 460 மீட்டர் காற்றிலேயே போய்விட்டது. மீனம்பாக்கத்தின் பெரிய ரன்வே 3600 மீட்டருக்கு மேல். அங்கே இதே தவறு யார் கண்ணிலும் படாது.

கடைசி 20 அடியைக் கிட்டத்தில் பார்ப்போம். ஏ.டி.ஆரின் பவர் லீவரில் ஃபிளைட் ஐடில் என்று ஒரு நிலை, அதற்கும் பின்னால் கிரவுண்ட் ஐடில், அதற்கும் பின்னால், காற்றை முன்னோக்கித் தள்ளி வேகத்தைக் குறைக்கும் ரிவர்ஸ். சுமார் 20 அடியில் பைலட் லீவரை ஃபிளைட் ஐடிலுக்குக் கொண்டுவருவார். வெடுக்கென்று இழுக்கக் கூடாது. புரொப்பல்லர் தள்ளும் காற்று இறக்கையின் மேல் ஓடிக்கொண்டிருக்கிறது, அது ஒரே நேரத்தில் நின்றால் தூக்கும் விசையும் சேர்ந்து போய், விமானம் 'தொப்' என்று விழும். மெதுவாக இழுத்துக்கொண்டே மூக்கைச் சிறிது உயர்த்த வேண்டும். ரொம்ப நேரம் பவரை வைத்துக்கொண்டால் மேலே சொன்ன மிதப்பு. இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒன்றிரண்டு வினாடி. தரை தொட்டதும் ஐடில் கேட் என்கிற பூட்டு தானாக விலகும், அதன் பிறகுதான் லீவர் கிரவுண்ட் ஐடிலுக்குப் போகும். பிளேடுகள் தட்டையாகி, முன்னால் இரண்டு பெரிய தட்டைப் பிடித்தது போலக் காற்றை எதிர்க்கும். 'லோ பிட்ச்' விளக்கு இரண்டு பக்கமும் எரிகிறதா என்று மற்ற பைலட் பார்த்துச் சொல்வார். ஒரு பக்கம் மட்டும் எரிந்தால் ரிவர்ஸ் போடக் கூடாது, விமானம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். லாஸ்பேட்டையில் தரை தொட்டதும் கேட்கும் அந்த உறுமல் இதுதான்.

அந்தப் பூட்டு ஏன் இருக்கிறது என்பதற்கு 2002 நவம்பர் 6-ஆம் தேதி லக்ஸம்பர்க்கில் விழுந்த ஃபாக்கர் 50 சாட்சி. இறங்கும்போது, இன்னும் ஆகாயத்தில் இருக்கையிலேயே, லீவர்கள் ஃபிளைட் ஐடிலுக்குக் கீழே போய்விட்டன. 22 பேரில் 20 பேர் இறந்தார்கள். எல்லாம் கையால் செய்யும் விமானத்தில் கைக்குத் தெரியாமல் போகும் ஆபத்து வேறு மாதிரியானது. 2023 ஜனவரி 15-இல் நேபாளத்தின் பொக்காராவில் ஏ.டி.ஆர். 72 விழுந்து 72 பேர் போனார்கள். ஃபிளாப் லீவருக்குப் பதிலாக புரொப்பல்லரைக் கட்டுப்படுத்தும் இரண்டு கண்டிஷன் லீவர்களும் பின்னால் நகர்த்தப்பட்டு, புரொப்பல்லர்கள் காற்றைத் தள்ளாத ஃபெதர் நிலைக்குப் போயின. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, த்ரஸ்ட் பூஜ்யம். பறத்திக்கொண்டிருந்தவர் பவர் லீவரைத் தள்ளியும் ஒன்றும் வரவில்லை. கைக்கு வேலை அதிகம் என்றால், கை தவறான இடத்துக்குப் போகும் வாய்ப்பும் அதிகம். கையால் பறத்துவதே பாதுகாப்பு என்று பேசுகிறவர்கள் இதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

இனி மீனம்பாக்கம். ஏ320-இன் த்ரஸ்ட் லீவரில் ஐடில், கிளைம்ப் (ஏறும் பவர்), ஃப்ளெக்ஸ், டோகா (முழு பவர்) என்று விரலுக்குத் தட்டுப்படும் பள்ளங்கள் உண்டு. புறப்பட்டு 1500 அடி வாக்கில் கிளைம்ப் பள்ளத்தில் வைத்த லீவர், இறங்கி 20 அடி வரும் வரை பெரும்பாலும் அதே பள்ளத்தில் இருக்கும். நடுவில் எஞ்சின் ஐடிலுக்குப் போயிருக்கும், திரும்ப ஏறியிருக்கும், லீவருக்கு எதுவும் தெரியாது. ஆட்டோத்ரஸ்ட் (ஆட்டோத்ராட்டிலுக்கு ஏர்பஸ் வைத்த பெயர்) ஓடும்போது லீவர் என்பது ஒரு கூரை. 'இதற்கு மேல் போகாதே' என்பது மட்டும்தான் அது எஞ்சினுக்குச் சொல்வது.

இந்த ஏற்பாட்டில் நல்லது நிறைய. ஆட்டோத்ரஸ்ட் கையைவிட வேகமாக, சின்னச் சின்ன அளவில் திருத்துகிறது. அதிலும் 'கிரவுண்ட் ஸ்பீட் மினி' என்று ஒரு நுட்பம் இருக்கிறது. டவர் சொன்ன எதிர்க்காற்றைக் கம்ப்யூட்டரில் போட்டிருப்பார்கள். அதைவிட அதிகமான எதிர்க்காற்று வீசும்போது, விமானம் தன் இலக்கு வேகத்தையே தற்காலிகமாக உயர்த்திக்கொள்ளும். இல்லாவிட்டால் வேகம் கூடியதும் எஞ்சின் ஐடிலுக்கு ஓடும், வீச்சு அடங்கிய நொடியில் வேகமும் போய் த்ரஸ்ட்டும் இல்லாமல் நிற்கும். இலக்கைத் தூக்கிவைத்தால் எஞ்சின் கீழே போகாமல் தயாராகவே இருக்கும். இதை மனிதக் கை இவ்வளவு ஒழுங்காகச் செய்யாது.

ஆனால் 20 அடியில் 'ரிட்டார்ட்' (லீவரைப் பின்னால் இழு) என்று குரல் வரும். விமானம் தானாகவே இறங்கும் ஆட்டோலேண்ட் என்றால் அது 10 அடியில் வரும், எஞ்சினும் தானாகவே ஐடிலுக்குப் போகும். பைலட் கையால் இறக்கும்போது அப்படி இல்லை. அந்தக் குரல் நினைவூட்டுகிறது, அவ்வளவே. லீவரைப் பின்னால் இழுக்காத வரை ஆட்டோத்ரஸ்ட் தன் வேலையை விசுவாசமாகச் செய்துகொண்டே இருக்கும். மூக்கைத் தூக்கினால் வேகம் குறையும், குறைந்த வேகத்தை மீட்க அது த்ரஸ்ட்டைக் கூட்டும். தரைக்கு மேல் பத்தடியில், நிறுத்த நினைக்கும் ஆளும் ஓட்ட நினைக்கும் கம்ப்யூட்டரும் ஒரே விமானத்தில். ரன்வேயின் பாதி வரை மிதந்துபோகும் லேண்டிங்குகளுக்கு இது ஒரு வழக்கமான காரணம். கடைசி வரை கை ஒன்றும் செய்யாமல் இருந்ததால், செய்ய வேண்டிய அந்த ஒரு அசைவு அரை வினாடி தாமதமாக வருகிறது.

லீவரை இழுக்காமல் விடுவதன் மிகக் கொடூரமான வடிவம் 2007 ஜூலை 17-இல் சாவோ பாவ்லோவின் கொங்கோன்யாஸ் விமான நிலையத்தில் நடந்தது. நனைந்த, குட்டையான ரன்வே. ஏ320-இன் வலது ரிவர்ஸர் பழுதாகிப் பூட்டப்பட்டிருந்தது. இறங்கியபோது இடது லீவர் ஐடிலுக்கும் பிறகு ரிவர்ஸுக்கும் வந்தது, வலது லீவர் கிளைம்ப் பள்ளத்திலேயே நின்றுவிட்டது. ஏர்பஸ்ஸில் இறக்கை மேல் எழும்பும் ஸ்பாய்லர் விரிய வேண்டுமானால் லீவர்கள் ஐடிலில் இருக்க வேண்டும். ஒன்று மேலே நின்றதால் ஸ்பாய்லர் விரியவில்லை, ஸ்பாய்லரை நம்பியிருக்கும் ஆட்டோபிரேக்கும் வேலை செய்யவில்லை, வலது எஞ்சின் முன்னோக்கித் தள்ளிக்கொண்டே இருந்தது. விமானத்தில் 187 பேர், தரையில் 12 பேர், மொத்தம் 199 உயிர். இதே மாதிரி ஒரு ரிவர்ஸர் இல்லாத ஏ320, ஒரு லீவர் ஐடிலுக்கு வராமல் மேலே நின்றுபோய் ரன்வேயைத் தாண்டியது 1998-இல் பிலிப்பைன்ஸின் பகோலோடிலும் 2004-இல் தைபேயிலும் ஏற்கெனவே நடந்திருக்கிறது. மூன்று இடங்களிலும் வேறு வேறு பைலட்டுகள், ஒரே லீவர் பிசகு. மனிதனைத் திட்டிவிட்டுப் போகிற விஷயம் இது இல்லை என்பதற்கு எனக்கு இந்த ஒற்றுமையே போதும். ஒரு ரிவர்ஸர் இல்லையென்றாலும் இரண்டு லீவரையும் ஒன்றாகவே ஐடிலுக்கும், பிறகு ரிவர்ஸுக்கும் இழுப்பது என்ற நடைமுறை இந்தப் பிசகை அடைக்கிறது. கை ஒரே அசைவைப் பழகிக்கொள்கிறது, விதிவிலக்கு யோசிக்க வேண்டியதில்லை.

'அப்படியென்றால் போயிங் போல லீவர் நகர்ந்தால் நல்லதுதானே?' என்று உடனே கேட்பார்கள். போயிங்கில் ஆட்டோத்ராட்டில் மோட்டார் வைத்து லீவரையே நகர்த்தும். கை மேலே இருந்தால், எஞ்சின் என்ன செய்யப்போகிறது என்பது உள்ளங்கைக்குத் தெரியும். 737-ஐக் கையால் இறக்கும்போது ஆட்டோத்ராட்டிலை எடுத்துவிடச் சொல்வதும், 777-இல் கையால் இறக்கினாலும் அதை வைத்திருக்கச் சொல்வதும் போயிங்கின் வழி.

ஆனால் நகரும் லீவரும் ஆளைக் காப்பாற்றாமல் போயிருக்கிறது. 2009 பிப்ரவரி 25, ஆம்ஸ்டர்டாம். 737-800-இல், தரைக்கு மேல் உள்ள உயரத்தை அளக்கும் இடது ரேடியோ ஆல்டிமீட்டர் மைனஸ் 8 அடி என்று காட்டியது. ஆட்டோத்ராட்டில் அதை நம்பி, தரைக்கு வந்துவிட்டோம் என்று லீவர்களை ஐடிலுக்கு இழுத்தது. லீவர்கள் கண்ணெதிரே பின்னால் போய், சுமார் 100 வினாடி அங்கேயே கிடந்தன. செக்லிஸ்ட்டும் தாமதமான ஃபிளாப்பும் எல்லார் கவனத்தையும் பிடித்திருந்தன. மேலிருந்து சரிவைப் பிடிக்க இறங்கிக்கொண்டிருந்ததால், லீவர் பின்னால் இருப்பது ஆரம்பத்தில் இயல்பாகவே தோன்றியிருக்கும். வேகம் இருக்க வேண்டியதைவிட சுமார் 40 நாட் கீழே போனது. எச்சரிக்கை வந்ததும் துணை பைலட் லீவரைத் தள்ளினார். ஆட்டோத்ராட்டில் இன்னும் இணைப்பில் இருந்ததால், கட்டுப்பாடு கை மாறிய சில வினாடிகளில் அது லீவரைத் திரும்ப ஐடிலுக்கு இழுத்துவிட்டது. 9 பேர் இறந்தார்கள். இதில் பைலட் மாணவர்கள் பிடித்துக்கொள்ள வேண்டியது ஒரு சின்ன விஷயம்: தள்ளிவிட்டுக் கையை எடுக்கக் கூடாது, இணைப்பை அறுக்கும் பொத்தானையும் சேர்த்து அழுத்த வேண்டும்.

நான்கு ஆண்டு கழித்து 2013 ஜூலை 6, சான் ஃபிரான்சிஸ்கோ. 777 உயரமாக வந்துகொண்டிருந்தது. பைலட் 'ஃபிளைட் லெவல் சேஞ்ச்' என்ற உயரம் மாற்றும் மோடை அழுத்தினார். விமானம் மேலே ஏறப் பார்த்தது. ஆட்டோபைலட்டை எடுத்துவிட்டு லீவர்களைக் கையால் ஐடிலுக்கு இழுத்தார். அந்த மோடில் அப்படி இழுத்தால் ஆட்டோத்ராட்டில் 'ஹோல்ட்' நிலைக்குப் போய்விடும். இணைப்பில் இருக்கும், ஆனால் எதையும் செய்யாது. 137 நாட் இருக்க வேண்டிய வேகம் 103 வரை சரிந்தது. ஆட்டோத்ராட்டில் பிடித்துக்கொள்ளும் என்று எல்லாரும் நம்பியிருந்தார்கள். 3 பேர் இறந்தார்கள்.

நமக்குப் பக்கத்திலேயே 1990 பிப்ரவரி 14, பெங்களூரு. அப்போது புத்தம் புதிதாக வந்திருந்த ஏ320, ரன்வேக்கு முன்னாலேயே கோல்ஃப் மைதானத்தில் விழுந்தது. 146 பேரில் 92 பேர் இறந்தார்கள். விமானம் 'ஓப்பன் டிசென்ட்' மோடில் இருந்தது. அந்த மோடில் எஞ்சின் ஐடிலிலேயே நிற்கும், வேகத்தைக் காப்பது மூக்கின் வேலை. இந்த மூன்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தால், லீவர் நகர்ந்ததா இல்லையா என்ற சண்டைக்கு அர்த்தம் குறைந்துவிடுகிறது. ஆட்டோமேஷன் வேகத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறதா, ஐடிலில் உட்கார்ந்திருக்கிறதா, அல்லது சும்மா இருக்கிறதா என்பதைச் சொல்வது திரையின் மேல் ஓரத்தில் இருக்கும் ஒரு சின்னச் சொல். ஏர்பஸ்ஸில் இறங்கும்போது அங்கே 'ஸ்பீட்' என்று இருக்க வேண்டும். வேறு எந்தச் சொல் இருந்தாலும் 1000 அடிக்குக் கீழே போகக் கூடாது. கை உணர்ந்ததைக் கண் படிக்க வேண்டியிருக்கிறது. கண்ணுக்கோ அந்த நேரத்தில் பத்து வேலை.

கோ-அரவுண்டிலும் இதே சிக்கல் வேறு முகத்தோடு வரும். ஏர்பஸ்ஸில் லீவரை டோகா பள்ளம் வரை முழுசாகத் தள்ளினால்தான் கம்ப்யூட்டருக்கு 'மேலே போகிறோம்' என்று புரியும். அதற்கு முந்தின பள்ளத்தில் நிறுத்தினால் த்ரஸ்ட் வரும், மோடு மாறாது. 2007 ஜூலை 21-இல் மெல்போர்னில் பனிமூட்டத்தில் ஒரு ஏ320 இப்படித்தான் கோ-அரவுண்ட் என்று நினைத்துக்கொண்டே 38 அடி வரை இறங்கிப் பிறகு மேலே போனது. போயிங்கில் டோகா ஒரு பொத்தான். 2016 ஆகஸ்ட் 3-இல் திருவனந்தபுரத்திலிருந்து துபாய் போன 777, சக்கரம் ரன்வேயைத் தொட்ட பிறகு மேலே போக முடிவெடுத்தது. சக்கரம் தொட்ட பிறகு அந்தப் பொத்தான் வேலை செய்யாதபடி அமைக்கப்பட்டிருக்கிறது. பொத்தானை அழுத்தினார்கள், மூக்கைத் தூக்கினார்கள், கியரை உள்ளே இழுத்தார்கள். லீவர்கள் ஐடிலிலேயே இருந்தன. 85 அடி உயர்ந்து, வேகம் தீர்ந்து, வயிற்றால் ரன்வேயில் விழுந்தது. விமானத்தில் இருந்த 300 பேரும் பிழைத்தார்கள். தீயணைப்பு வீரர் ஒருவர் இறந்தார். பொத்தானை அழுத்தினால் லீவர் தானாகப் போகும் என்பது ஆயிரம் தடவை உண்மையாக இருந்த பழக்கம். அது பொய்யான ஒரே தடவையில், பின்தொடர்ந்து தள்ளக் கை போகவில்லை.

2024 நவம்பர் 30-ஐ இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டோம். ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரையேறிய நாள், அரை மீட்டரை நெருங்கிய மழை. அன்று மீனம்பாக்கத்தில் மும்பையிலிருந்து வந்த ஏர்பஸ் ஒன்று தரைக்குக் கொஞ்சம் மேலே ஆடித் தள்ளாடி, இறங்காமல் மேலே போன வீடியோ எல்லார் போனிலும் சுற்றியது. 'மயிரிழையில் தப்பியது' என்று தலைப்புப் போட்டார்கள். பாராட்ட வேண்டிய கை அது. இறக்கை சாய்ந்துகொண்டிருக்கும்போது, எல்லாம் தரையை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும்போது, லீவரைத் தயங்காமல் முன்பள்ளத்தில் கொண்டுபோய் முட்டவைத்திருக்கிறார்கள்.

ஏ.டி.ஆர். ஓட்டிவிட்டு ஏர்பஸ்ஸுக்கு மாறுகிறவர்களுக்கு ஒரு தனிப் பிரச்னை உண்டு. காற்று வீச்சில் வேகம் ஏறியதும் பழக்கத்தில் லீவரைக் கொஞ்சம் பின்னால் இழுப்பார்கள். ஆட்டோத்ரஸ்ட் ஓடும்போது அது த்ரஸ்ட்டைக் குறைப்பதில்லை, கூரையைத் தாழ்த்துகிறது. வீச்சு அடங்கி எஞ்சின் ஏற வேண்டிய நேரத்தில் ஏற இடம் இருக்காது. திரையில் லீவரைக் கிளைம்ப்பில் வை என்று மின்னும், அதைப் பார்க்க வேண்டும். எதிர்ப்பக்கமாக, ஏர்பஸ் பழகிவிட்டு ஏ.டி.ஆருக்கு வருகிறவர் கியரும் ஃபிளாப்பும் இறக்கிவிட்டு, வேகம் தானாக நிற்கும் என்று காத்திருப்பார். நிற்காது. ஃபிளாப் கேட்ட அதே மூச்சில் கை டார்க்கைக் கூட்டத் தயாராக இருக்க வேண்டும்.

ஆட்டோத்ரஸ்ட்டை எடுத்துவிட்டுக் கையால் பழகுவதற்கும் முறை இருக்கிறது. லீவர் கிளைம்ப்பில் இருக்கும்போது நேரே சிவப்புப் பொத்தானை அழுத்தினால், எஞ்சின் உடனே லீவர் இருக்கும் இடத்துக்கு, அதாவது கிளைம்ப் த்ரஸ்ட்டுக்கு ஓடும். என்1 காட்டியில் லீவரின் நிலையைக் காட்டும் சின்ன வட்டம் ஒன்று இருக்கும். முதலில் லீவரைப் பின்னால் கொண்டுவந்து அந்த வட்டத்தை இப்போதைய என்1 மேல் உட்காரவைத்துவிட்டு, அதன் பிறகு அழுத்த வேண்டும். அப்போது எந்த அசைவும் இல்லாமல் கட்டுப்பாடு கைக்கு வரும். 100 அடிக்குக் கீழே ஆல்ஃபா ஃப்ளோர் பாதுகாப்பும் கிடையாது என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அதுவரை வேகம் ஆபத்தாகக் குறைந்தால் தானாக முழு த்ரஸ்ட் கொடுக்கும் வலை, அங்கே எடுக்கப்பட்டுவிடுகிறது.

வீட்டுக் கம்ப்யூட்டரில் சிமுலேட்டர் வைத்திருக்கும் பிள்ளைகள் இதைப் பழகலாம். முழு ஃபிளாப், கியர் கீழே, 3 டிகிரி, ஆட்டோத்ரஸ்ட் இல்லாமல். என்1-ஐ 50-இல் வைத்துத் தொடங்குங்கள். வேகம் ஐந்து நாட் குறைந்தால் மூன்று, நான்கு சதவீதம் கூட்டி, வேகம் திரும்பத் தொடங்கியதும் பாதியை எடுத்துவிடுங்கள். முழுசாகத் திரும்பும் வரை காத்திருந்தால் தாண்டிப் போய்விடும். எதிர்க்காற்று 10 நாட், 20 நாட் என்று மாற்றி, ஒவ்வொன்றுக்கும் எந்த என்1-இல் வேகம் நின்றது என்று ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். பத்து இறக்கத்துக்குப் பிறகு அந்த எண் கைக்கே தெரியும். அடுத்து ஆட்டோத்ரஸ்ட்டோடு பத்து தடவை இறக்கி, கடைசி 50 அடியை மட்டும் ரெக்கார்ட் செய்யுங்கள். 'ரிட்டார்ட்' என்ற குரல் முடிவதற்குள் லீவர் ஐடிலுக்கு வந்துவிட்டதா, குரல் இரண்டாவது தடவை வந்த பிறகுதான் வந்ததா, எண்ணிப் பாருங்கள்.